வென்றவளுக்கு எந்தச் சொல்?

தமிழில் ‘வென்றவர்’ என்று எழுதிவிட்டால் போதும். ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. எதை வென்றார், யாரைத் தோற்கடித்தார் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஸ்பானிய மொழியில் அப்படி நழுவிவிட முடியாது. வென்றவரைக் குறிக்க வாயைத் திறந்தவுடனேயே சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வென்றது ஆணா, பெண்ணா? தனியாகவா, கூட்டாகவா? கைக்கு வந்தது பொருளா, பட்டமா, எதிரியின் தோல்வியா?

நான் ஸ்பானிய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். அந்த மொழியைச் சொல்லிக்கொடுப்பவளும்கூட. ‘வின்னர்’ என்பதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று மாணவிகள் அடிக்கடி கேட்பார்கள். அகராதி வரிசையாகத் தருகிறது: கனதோரா, பென்செதோரா, கம்பேயோனா, திரியுன்ஃபதோரா. நான்கும் பெண்பால் வடிவங்கள். கடைசி ‘ஆ’வை எடுத்துவிட்டால் ஆண்பால். ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அவற்றை ஒரே வரியில் அடுக்கிவைப்பதுதான் அகராதியின் வழக்கம். அவை ஒரே பொருளைத் தருவதில்லை. ஒரு பெண் வெல்லும்போது அந்த வெற்றி யாருக்குச் சொந்தம் என்று பேசுபவர் நினைக்கிறாரோ, அதை இந்தச் சொற்கள் வெளியே போட்டு உடைத்துவிடுகின்றன. அண்மைக் காலத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது 2023இல், ஸ்பெயின் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் 1-0 என்ற கணக்கில் இங்கிலாந்தைத் தோற்கடித்தது. கோல் அடித்தவர் ஓல்கா கார்மோனா. பதக்கம் வழங்கும் மேடையில் ஸ்பானியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், ஆட்டக்காரர் ஜென்னி ஹெர்மோசோவின் தலையை இரு கைகளாலும் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். ஐந்து நாள் கழித்துக் கூட்டமைப்பின் கூட்டத்தில் பதவி விலக மாட்டேன் என்று திரும்பத் திரும்ப முழங்கினார். செப்டம்பர் 10 அன்று விலகினார். 2025 பிப்ரவரியில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். இனி சொற்களுக்கு வருவோம்.

முதலில் கம்பேயோனா. நம் காதுக்குப் பழகிய ‘சாம்பியன்’ இதன் உறவுக்காரச் சொல். போர்க்களத்தைக் குறிக்கும் ‘காம்பஸ்’ என்ற லத்தீன் சொல் இரண்டுக்கும் வேர். களத்தில் இறங்கிச் சண்டையிடுபவர், பிறருக்காக வாளெடுப்பவர் என்பது பழைய பொருள். இன்று அது பட்டம். கோப்பையை வென்றவருக்கு ஸ்பானிய மொழியில் முதலில் வாயில் வருவது இதுதான்.

இந்தச் சொல்லில் ஒரு விசித்திரம் உண்டு. 2010இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்பெயின் ஆண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது. அதுவும் 1-0தான். மறுநாள் செய்தித்தாள்களில் ‘ஸ்பெயின், உலகின் கம்பேயோனா’ என்று பெண்பாலில் அச்சானது. இலக்கணப்படி சரிதான். நாட்டின் பெயரான ‘எஸ்பாஞா’ அந்த மொழியில் பெண்பால். பெயரோடு சொல் ஒத்துப்போக வேண்டும். களத்தில் ஓடியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆனாலும் தலைப்பில் பெண்பால் வந்ததை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. 2023இல் பெண்கள் வென்றபோதும் அதே தலைப்புதான். தலைப்பை மட்டும் படித்தால் வென்றது ஆண்களா பெண்களா என்று சொல்லவே முடியாது.

நாடு பெண்ணாக இருக்கும்போது பெண்பால் சொல் யாரையும் உறுத்துவதில்லை. தாய்நாட்டுக்காக மகன்கள் வென்று வருகிறார்கள். வெற்றியின் மாலை தாயின் கழுத்தில் விழுகிறது. இந்தப் படம் நமக்கும் அந்நியமல்ல. வென்ற மனிதர்களே பெண்களாக இருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அங்கே நாட்டின் பெயர் உதவாது. ‘கம்பேயோனாஸ்’ என்ற பெண்பால் பன்மையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மைதானங்களில் பல காலமாக ஒலிக்கும் முழக்கம் ‘கம்பேயோனெஸ்’ என்ற ஆண்பால் பன்மையில் அமைந்தது. ஓர் எழுத்தை மாற்றினால் போதும், தாளம்கூடக் கெடாது. ஆனால் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாறு நீளமானது.

1971இல் முர்சியா நகரில் ஸ்பானியப் பெண்கள் போர்ச்சுகல் அணியோடு ஆடினார்கள். கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. சட்டையில் கூட்டமைப்பின் சின்னத்தை அணிய அவர்களுக்கு உரிமையில்லை. பெண்களின் அதிகாரபூர்வமான தேசிய அணி முதல் ஆட்டத்தை ஆடியது 1983இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து உலகக் கோப்பை. கோப்பை வந்து ஒரு மாதம் ஆன பிறகு, 2023 செப்டம்பரில், அணியின் பெயரிலிருந்து ‘பெண்கள்’ என்ற அடைமொழியைக் கூட்டமைப்பு நீக்கியது. ஆண்கள் அணிக்கு ‘ஆண்கள்’ என்ற அடைமொழி ஒருநாளும் இருந்ததில்லை. இனி இரண்டுக்கும் ‘ஸ்பானியக் கால்பந்து அணி’ என்ற ஒரே பெயர். நல்ல முடிவுதான். ஆனால் அடைமொழி போன பிறகு, இந்த அணியில் ஆடுபவர்கள் பெண்கள் என்பதைச் சொல்லும் முழுப் பொறுப்பும் சொல்லின் ஈற்றெழுத்தின் மேல் வந்து விழுகிறது. கம்பேயோனாஸ் என்று எழுதினால்தான் அவர்கள் தெரிவார்கள்.

இந்த ஈற்றெழுத்து எவ்வளவு எளிதில் உதிர்ந்துவிடும் என்பதற்கு இன்னொரு போட்டியைச் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடையோட்டத்தில் கலப்புத் தொடர் போட்டி நடந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாறிமாறி நடந்து மாரத்தான் தூரத்தை முடிக்க வேண்டும். ஸ்பெயினின் அல்வாரோ மார்ட்டினும் மரியா பெரெஸும் தங்கம் வென்றார்கள். கடைசிக் கட்டத்தை நடந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது மரியா பெரெஸ். அதே ஒலிம்பிக்கில் பெண்களின் 20 கிலோமீட்டர் போட்டியில் அவர் வெள்ளி வென்றிருந்தார். அதற்கு அவர் ‘சுப்கம்பேயோனா’, பெண்பால். தங்கம் வென்றபோதோ கூட ஓர் ஆண் இருந்ததால், இலக்கண விதிப்படி இருவரும் ‘கம்பேயோனெஸ்’, ஆண்பால் பன்மை. தனியாக இரண்டாம் இடம் பெற்றபோது மொழி அவரைப் பெண் என்றது. சேர்ந்து முதலிடம் பெற்றபோது அந்த அடையாளம் காணாமல் போயிற்று.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். இலக்கணப் பால் வேறு, உடலின் பால் வேறு. ஆண்பால் பன்மை இருபாலாருக்கும் பொதுவானது. இதில் பெண்ணடிமைத்தனத்தைத் தேடுவது வீண் என்பார்கள். ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் நிலைப்பாடும் இதுதான். ஆண்பாலையும் பெண்பாலையும் ஒவ்வொரு முறையும் இரட்டித்துச் சொல்வது செயற்கை, தேவையற்றது என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. ஸ்பானிய மொழியில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இதில் யாருடைய சதியும் இல்லை. நூறு பேர் கூடிய அவையில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் இரண்டு முறை சொன்னால் கேட்பவர் களைத்துப்போவார் என்பதும் சரி.

ஆனால் மேடையில் நிற்பவர்கள் இரண்டே பேர். ‘கம்பேயோனா மரியா பெரெஸ், கம்பேயோன் அல்வாரோ மார்ட்டின்’ என்று சொல்ல எவ்வளவு மூச்சு செலவாகும்? இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. பழக்கம்தான் தடுக்கிறது. பழக்கத்தை இலக்கணம் என்று பெயரிட்டுக் காப்பாற்றுவதுதான் நான் எதிர்ப்பது.

எது பழக்கம், எது இலக்கணம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1713இல் தொடங்கிய அந்தக் கழகம் ஒரு பெண்ணை, கவிஞர் கார்மென் கொந்தேயை, முதன்முதலாக உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1978இல். இடையில் 265 ஆண்டுகள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1972இல், மரியா மொலினேர் வேட்பாளராக நின்றார். நூலகராக வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் உட்கார்ந்து, ஸ்பானியச் சொற்கள் உண்மையில் எப்படிப் புழங்குகின்றன என்று காட்டும் பேரகராதியைத் தனியொருவராக எழுதி முடித்தவர் அவர். கழகம் அவரை விட்டுவிட்டு ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்தது. ‘வென்றவள்’ என்பதற்கு எந்தச் சொல்லைப் போடலாம் என்று அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் அன்று அந்த மொழியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சொற்களை வகைப்படுத்தும் உழைப்பு அவருடையது, வாக்கு மற்றவர்களுடையது.

அடுத்து பென்செதோரா. ‘பென்சேர்’ என்றால் தோற்கடிப்பது. இந்த வினைக்கு எதிராளி வேண்டும். பென்செதோர் இருந்தால் எங்கோ ஒரு ‘பென்சீதோ’, வெல்லப்பட்டவர், இருந்தே ஆக வேண்டும். ஸ்பெயினில் இந்த இணைக்கு 1939இன் வாடை உண்டு. உள்நாட்டுப் போரில் வென்ற பிராங்கோவின் அரசு அந்த ஆண்டுக்கே ‘வெற்றியின் ஆண்டு’ என்று பெயரிட்டு ஆவணங்களில் பொறித்தது. வென்றவர்கள், வெல்லப்பட்டவர்கள் என்று நாடே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வென்ற தரப்புக் குடும்பத்துப் பெண்களும் அந்தக் கணக்கில் வென்றவர்களாக இல்லை. மணமான பெண் வேலையில் சேரவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் கணவனின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1975 வரை நீடித்தது. வீட்டுக்குள் அவர்களும் வெல்லப்பட்டவர்களே.

ஆகவே ஒரு பெண்ணை பென்செதோரா என்று அழைக்கும்போது, யாரை வென்றவள் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சிட்னியில் அவர்கள் வென்றது இங்கிலாந்தின் பெண்களை. அங்கே இந்தச் சொல் தேவைக்கு மேல் கனமானது. இன்னொரு போட்டிக்கு அது பொருந்தும். 2022 செப்டம்பரில் 15 ஆட்டக்காரர்கள் கூட்டமைப்புக்குத் தனித்தனியே மின்னஞ்சல் அனுப்பினார்கள். அணியின் சூழல் தங்கள் மனநலத்தைப் பாதிக்கிறது, நிலைமை மாறும்வரை தங்களைத் தேர்வுசெய்ய வேண்டாம் என்றார்கள். கூட்டமைப்பு பயிற்சியாளர் ஹோர்கே வில்டாவின் பக்கமே நின்றது. அந்த 15 பேரில் மூவர் மட்டுமே உலகக் கோப்பை அணியில் ஆடினார்கள். ஓராண்டுக்குள் வில்டா நீக்கப்பட்டார், தலைவர் விலகினார். பென்செதோராஸ் என்று நான் எழுதுவதாக இருந்தால் அந்தப் பதினைந்து பேருக்கு எழுதுவேன். அதில் பன்னிரண்டு பேர் கழுத்தில் பதக்கம் இல்லை. கோப்பை இல்லாமலும் ஒருத்தி பென்செதோரா ஆகலாம். கம்பேயோனா ஆக முடியாது.

திரியுன்ஃபதோராவைப் பற்றி இரண்டு வரி போதும். ரோமானியத் தளபதிகளின் வெற்றி ஊர்வலத்திலிருந்து வந்த சொல் அது. இன்று பளபளப்பான தாள் பத்திரிகைகளில், வேலையையும் வீட்டையும் சிரித்த முகத்தோடு சமாளிக்கும் ‘சாதனைப் பெண்’ணுக்குப் பயன்படுவதாகவே என் கண்ணில் படுகிறது. அவள் யாரோடும் மோதுவதில்லை, எதையும் கேட்பதில்லை. அந்தப் பாராட்டை நான் தள்ளியே வைக்கிறேன்.

மிஞ்சுவது கனதோரா. நால்வரில் மிகச் சாதாரணமானது இது. லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்தவளும் கனதோராதான். இதன் வினையான ‘கனார்’ என்பதற்கு இரண்டு பொருள்: வெல்வது, சம்பாதிப்பது. தமிழில் இதற்கு நெருக்கமான சொல் ‘ஈட்டு’. வெற்றியையும் ஈட்டுகிறோம், பொருளையும் ஈட்டுகிறோம். ஸ்பானிய மொழியில் ‘அவள் எவ்வளவு கனா?’ என்று கேட்டால் சம்பளத்தைக் கேட்கிறார்கள் என்று பொருள்.

2023இன் கதையை இந்த ஒரு வினைச்சொல்லால் சொல்லிவிடலாம். ஆகஸ்டில் அவர்கள் உலகக் கோப்பையை ஈட்டினார்கள். செப்டம்பரில், அவர்களில் பலர் ஆடும் ஸ்பானியப் பெண்கள் லீக்கின் முதல் சுற்று ஆட்டங்கள் நடக்கவில்லை; ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவரை ஆண்டுக்கு 16,000 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 21,000 யூரோவாக உயர்ந்த பிறகே களத்துக்குத் திரும்பினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், ரூபியாலெஸ் பதவி விலக மறுத்த அதே மேடையிலிருந்து, பயிற்சியாளர் வில்டாவுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் யூரோ வீதம் நான்கு ஆண்டு ஒப்பந்தம் தருவதாக அறிவித்திருந்தார். கோப்பையை ஈட்டியவர்கள் யார், கோப்பையால் ஈட்ட இருந்தவர் யார் என்பதை ஒரே வினை இரண்டு விதமாகச் சொல்கிறது. ‘கம்பேயோனா’ என்று கன்னத்தில் தட்டிப் பாராட்டுவது எளிது. அந்த மொழியில் குழந்தைகளைக் கொஞ்சும்போதுகூட ‘வா, கம்பேயோனா’ என்பார்கள். கனதோரா என்று சொன்னால் ‘எவ்வளவு?’ என்ற அடுத்த கேள்வி வந்துவிடும். அதனாலேயே எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

வென்றவளைக் குறிக்கும் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடையில் வேறொரு சொல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது: ‘விக்திமா’, பாதிக்கப்பட்டவர். இந்தச் சொல்லுக்கு ஆண்பால் வடிவமே கிடையாது. பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் ‘லா விக்திமா’ என்று பெண்பாலில்தான் சொல்ல வேண்டும். ‘நட்சத்திரம்’, ‘நபர்’ போன்ற சொற்களும் அங்கே அப்படித்தான் என்பதால் இதையும் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கம்பேயோனா என்ற வடிவத்தை வற்புறுத்திக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும் மொழியில், விக்திமா கேட்காமலே பெண்பாலாகக் காத்திருப்பதை மொழிபெயர்ப்பாளரின் கண் பார்க்காமல் இருக்க முடியாது.

ஹெர்மோசோ இந்தச் சொல்லை விலக்கவில்லை. தன்னை ஆக்கிரமிப்புக்கு உள்ளானவளாக, விக்திமாவாக, உணர்ந்ததாகத் தன் அறிக்கையிலேயே சொன்னார். நீதிமன்றத்தில் இன்னொன்றும் சொன்னார்: தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்களில் ஒன்று கறைபட்டுவிட்டது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். விக்திமா என்பது அவருக்கு நடந்ததன் பெயர். கம்பேயோனா என்பது அவர் செய்ததன் பெயர். முதல் சொல்லை அவர் ஏற்றுக்கொண்டது இரண்டாவதை விட்டுக்கொடுப்பதற்காக அல்ல. முத்தம் கொடுக்கப்பட்ட அன்று இரவே, அது இருவரும் விரும்பிச் செய்தது என்ற பொருளில் அவருடைய பெயரால் ஓர் அறிக்கையைக் கூட்டமைப்பு வெளியிட்டிருந்தது. அந்தச் சொற்கள் தன்னுடையவை அல்ல என்று பின்னர் அவர் சாட்சி சொன்னார். வென்றவளுக்குச் சொல் தேர்ந்தெடுக்கும் வேலையை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தோழிகள் அவருக்காக எடுத்த சொல் இந்த நான்கில் எதுவும் இல்லை. அலெக்சியா புட்டெயாஸ் எழுதிய ‘சே அகபோ’, ‘முடிந்தது, இனி இல்லை’ என்பது, ஸ்பெயின் முழுக்கப் பரவியது. அது வெறும் வினை. அதற்கு எழுவாய் தேவையில்லை, பால் தேவையில்லை, யார் பக்கத்தில் எந்த ஆண் நிற்கிறார் என்று பார்க்கத் தேவையில்லை.

சரி, மாணவிகளின் கேள்விக்கு என்ன பதில்? பட்டத்தைச் சொல்லும்போது கம்பேயோனா. பெண்கள் அணிக்குக் கம்பேயோனாஸ், ஒருபோதும் அந்த ஈற்றெழுத்தை விடாமல். எதிராளி யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் பென்செதோரா. என்ன கிடைத்தது என்று கணக்குக் காட்டும்போது கனதோரா. தமிழுக்குக் கொண்டுவரும்போது எதிர்த்திசையில் இன்னொரு கவனம் வேண்டும். நம்முடைய ‘வென்றவர்கள்’, ‘அவர்கள்’, ‘சாம்பியன்கள்’ எல்லாம் மரியாதையானவை, பால் காட்டாதவை. ஸ்பானிய மூலத்தில் போராடிப் பெற்ற பெண்பால் நம்முடைய மரியாதைப் பன்மையில் கரைந்துவிடும். அங்கே ‘பெண்கள்’ என்ற சொல்லை வாக்கியத்தில் எங்காவது நான் சேர்த்துவிடுகிறேன். மிகை என்று சொல்லும் பதிப்பாசிரியரிடம் மூலத்தின் கடைசி எழுத்தைக் காட்டுகிறேன்.

2025 பிப்ரவரி 20 தீர்ப்புக்கும் ஒரு சொல் வேண்டும். ஸ்பானிய மொழியில் வழக்கில் வெல்வதற்கும் கனார் என்ற வினைதான். பாலியல் வன்முறைக்காக ரூபியாலெஸுக்கு 10,800 யூரோ அபராதம் விதித்த நீதிமன்றம், ஹெர்மோசோவை வற்புறுத்திப் பேசவைக்க முயன்றதாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. ஹெர்மோசோவுக்கு இழப்பீடாக 3,000 யூரோ கிடைத்தது. கனதோரா என்றே எழுதலாம், பக்கத்தில் அந்தத் தொகையையும் எழுதினால்.